ஜிட்டர் = நடுக்கமா? 'வரத்துப் பிசகு', 'சீர்மடை' என் பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். இணையத்தில் அனுப்பும் தரவு சீரான இடைவெளியில் வந்து சேராமல் முன்பின்னாக வருவதை ஆங்கிலத்தில் ஜிட்டர் (jitter) என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றிய கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஜிட்டருக்கு 'நடுக்கம்' போதும். அகராதியில் இருப்பதுதானே?

இருப்பதுதான். ஆனால் இரு கணினிகளுக்கு இடையே நேரலைக் காணொளி அனுப்புவதைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் ஆளை வேறு பக்கம் இழுத்துப் போகிறது. என் கையேட்டு வரைவில் 'நடுக்கம் கூடினால்' என்று எழுதியிருந்தேன். படித்த நண்பர் முதல் வேலையாகக் கேமரா முக்காலியின் திருகை இறுக்கினார். அவர்மேல் பிழையில்லை.

காணொளியில் நொடிக்கு 30 சட்டகம் (தனிப்படம்) என்றால் சுமார் 33 மில்லிநொடிக்கு ஒன்று, தாளம் தவறாமல் கிளம்புகிறது. ஒவ்வொன்றும் பல பொதிகளாக (பாக்கெட், தரவின் சிறு துண்டு) பிரிந்து போகிறது. ஒரு பொதி திசைவியில் (ரவுட்டர்) வரிசையில் நிற்கிறது. அடுத்தது நிற்காமல் வந்துவிடுகிறது. போய்ச் சேரும்போது சட்டகங்களின் இடைவெளி 20, 61, 18 மில்லிநொடி என்று கலைந்திருக்கிறது. எதுவும் நடுங்கவில்லை, வருகிற இடைவெளி பிசகுகிறது. ஒலி, காணொளியை நேரலையாக அனுப்ப 1996இல் வந்த ஆர்டிபி (RTP) நெறிமுறையும் ஜிட்டரை அப்படித்தான் கணக்கிடுகிறது.

முதலில் 'இடைப்பிசகு' என்று எழுதினேன்; இடுப்புப் பிடிப்புக்குத் தைலம் கேட்பதுபோல் இருந்தது. 'வரவுப் பிசகு' கணக்குப்பிள்ளையின் பேரேட்டுக்குள் போய்விட்டது. நீர்வரத்து என்கிறோமே, அந்த வரத்து சும்மாதான் கிடக்கிறது. ஆகவே, வரத்துப் பிசகு.

> அப்படியானால் ஜிட்டர் பஃபர் 'பிசகு இடையகம்' ஆகுமா?

வேண்டாம். பெறும் கணினி பொதிகளை வந்தவுடன் காட்டாமல் சற்றே நிறுத்தி, வரிசைப்படுத்தி, பழைய தாளத்திலேயே திறந்துவிடுகிறது. இது மடை செய்கிற வேலை. 'சீர்மடை' என்று வைக்கலாம்.

> மடை என்பது திறப்பு. தேக்குவது ஏரி அல்லவா, ஐயா?

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். இங்கே தேக்குவது வழிதான், அளந்து விடுவதே நோக்கம். இன்னொரு வசதியும் உண்டு. நேரலைக் காணொளி அனுப்பும் எஸ்ஆர்டி (SRT) நெறிமுறையில் 'லேட்டன்சி' என்ற அமைப்பின் (செட்டிங்) இயல்பு அளவு 120 மில்லிநொடி. அது பொதியின் பயண நேரமல்ல, அதற்கு மேல் மடை பிடித்துவைக்கும் நேரம். இரண்டையும் 'சுணக்கம்' என்றே மொழிபெயர்த்துக் குழம்புகிறோம். இனி இதை 'மடைநேரம்' என்று சொல்லிவிடலாம். மொத்தத்துக்குச் சுணக்கம் இருக்கட்டும்.

சோதித்தும் பார்த்தேன். அனுப்பும் கணினித் திரையில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, கேமராவை அதன்மேல் திருப்பி, இரு திரைகளையும் ஒரே புகைப்படத்தில் பிடித்தேன். அனுப்பும் திரையில் 12.48 நொடி, பெறும் திரையில் 12.21. சுணக்கம் 270 மில்லிநொடி; அதில் மடைநேரம் 120. மீதியைக் கேமரா, சுருக்கம், வலையமைப்பு, விரிப்பு, திரை எல்லாம் பங்குபோட்டுக்கொண்டன. மடைநேரத்தை 40 ஆகக் குறைத்தேன். சுணக்கம் குறைந்தது, ஆனால் கடிகாரத்தின் இலக்கங்கள் கட்டம் கட்டமாக உடையத் தொடங்கின. அந்த இணைப்பில் ஒரு பொதி போய்வர 60 மில்லிநொடி ஆகிறது. தொலைந்த பொதியை மறுபடி கேட்டு வாங்குவதற்குள் அதன் முறை கடந்துவிடுகிறது. எஸ்ஆர்டி அதை விட்டுவிட்டு அடுத்ததைக் காட்டுகிறது.

அப்படி முறை கடந்து வந்து சேரும் பொதிக்குத்தான் இன்னும் பெயர் கிடைக்கவில்லை. 'பின்வரத்து' என்று குறித்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.