கதிரின் அறுவைக்கு முன்: எங்கள் குடும்பக் குழுவில்

மாலதி: கதிரின் முதுகு வளைவு அறுவைக்கு வரும் மாதம் நாள் குறித்துவிட்டார்கள். இன்று மூக்கில் கிளிப் மாட்டி, முகம் சிவக்கச் சிவக்க மூன்று முறை குழாய்க்குள் ஊதினான். இருக்கவேண்டிய அளவில் 42 சதவீதம்தான் வந்தது. இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு மயக்க மருந்து கொடுக்கலாமா, சுமதி?

சுமதி: கொடுக்கலாம், அண்ணி. ஆனால் 50-க்குக் கீழே போனாலே அறுவைக்குப் பிறகு மூச்சுச் சிக்கல் வர வாய்ப்பு கூடும் என்பதால், காற்றை அழுத்தி உள்ளே செலுத்தி மூச்சுக்கு உதவும் பைபாப் கருவியின் மாஸ்க்கை இப்போதே பழக்கிவிட வேண்டும். இருமலின் வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் குறைவாக இருந்தால், சளியை வெளியே கொண்டுவரும் இருமல் இயந்திரத்தையும் பழக்குவார்கள்.

ராகவன் சித்தப்பா: கதிருக்கு டூஷேன் என்ற தசை நலிவு நோய் என்று சொன்னதுமே மயக்க மருத்துவர் முகம் மாறியதாக மாலதி சொன்னாள். அப்படி என்ன அச்சம், அம்மா?

சுமதி: சக்சினைல்கோலின் என்றொரு ஊசி இருக்கிறது, சித்தப்பா. இந்தப் பிள்ளைகளின் தசைச் செல்களுக்கு உறுதி தரும் டிஸ்ட்ரோஃபின் புரதம் இல்லாததால், அந்த ஊசி போட்டால் செல்கள் உடைந்து பொட்டாசியம் இரத்தத்தில் கொட்டி, இதயமே நின்றுபோகலாம். முகரவைக்கும் மயக்க வாயுக்களையும் இதே காரணத்தால் தவிர்த்து, இரத்தநாளம் வழியே புரோபோஃபோல் என்ற மயக்க மருந்தைச் செலுத்துவார்கள். இந்நோய் இதயத் தசையையும் விடாது. எக்கோ எடுத்தாயிற்றா, அண்ணி?

மாலதி: நாளை எடுக்கிறார்கள்.

கமலா அத்தை: மூச்சுக்கு ஆக்சிஜன் வைத்தால் போதாதா?

சுமதி: இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம், அத்தை. அவனுக்குக் குறைவது ஆக்சிஜன் அல்ல, காற்றை இழுத்து விடும் வலு. ஆக்சிஜன் மட்டும் வைத்தால், விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 98 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே அறுவையின்போது மூச்சுக்காகத் தொண்டையில் வைத்த குழாயை எடுத்ததும் பைபாப் மாட்டவேண்டும். அதன்பின் அவன் அளவுக்கு மீறித் தூங்கி வழிந்தாலோ தலைவலி என்றாலோ, கரியமில வாயுவைப் பாருங்கள் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள், அண்ணி.

மாலதி: நேற்றிரவு இருபதே நிமிடத்தில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டான். மூக்குத் தண்டு சிவந்திருந்தது.

சுமதி: பட்டையைக் கொஞ்சம் தளர்த்துங்கள்; அளவு சரிதானா என்றும் காட்டிக் கேளுங்கள். பகலில் டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகட்டும். அறுவையன்று அதே மாஸ்க்கைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மாலதி: கிரிக்கெட் ஓடுகிறது; மாட்டிக்கொண்டிருக்கிறான். பத்து ஓவர் வரை கழற்றமாட்டானாம்.