ஒற்றைக் கை பேக்ஹேண்ட்: நாலு நெட்டில், நாலு தென்னந்தோப்பில். எங்கே தப்பு?

சாரல்41 எழுதியது:

செங்கோட்டைக்காரன், வயது 41. பள்ளியில் பூப்பந்து, அப்புறம் பதினைந்து வருஷம் ஷட்டில், டென்னிஸ் மட்டையைத் தொட்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஃபோர்ஹேண்டை ஒப்பேற்றிவிடுகிறேன், சர்வ் உள்ளே விழுகிறது, இடப்பக்கம் வரும் பந்தை அடிக்கிற பேக்ஹேண்ட் மட்டும் மானத்தை வாங்குகிறது. ஒற்றைக் கையில்தான் அடிக்கிறேன். இரண்டு கையால் பிடித்தால் மண்வெட்டி பிடித்த மாதிரி இருக்கிறது, மனசு ஒப்பவில்லை. பத்துப் பந்து வந்தால் நாலு நெட்டில், நாலு மதிலைத் தாண்டிப் பக்கத்துத் தென்னந்தோப்பில், மீதி இரண்டு உள்ளே விழுந்தால் எனக்கே ஆச்சரியம்.

யூடியூபில் ஃபெடரர் அடிப்பதை மெதுவாக ஓட விட்டுப் பார்த்தேன். கடைசி நொடியில் மணிக்கட்டைச் சொடுக்குகிறார் என்று பட்டது, நானும் சொடுக்க ஆரம்பித்தேன். ஷட்டிலில் என் பேக்ஹேண்ட் இந்தக் கடைசிக் கோட்டிலிருந்து அந்தக் கடைசிக் கோடு வரை போகும், அந்தக் கெத்தும் கொஞ்சம் உண்டு. பலன், இப்போது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. ஈரத்துணியைப் பிழிந்தால் சுள்ளென்கிறது.

இன்னொரு தொல்லை, எங்கள் குழுவில் ஓர் இடதுகை அண்ணாச்சி. வயது 58, ஆனால் ஃபோர்ஹேண்டைக் குறுக்காகச் சுழற்றி விட்டாரென்றால் சிமெண்ட் கோர்ட்டில் குத்தி நேரே என் காது உயரத்துக்கு வருகிறது. பின்னால் நகரலாம் என்றால் பேஸ்லைன் என்கிற கடைசிக் கோட்டுக்குப் பின்னால் எட்டடிதான், அப்புறம் மதில். காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக என்ன வருகிறது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். சாரல் இல்லாத நாளாகப் பார்த்து ஆடுகிறோம், காற்றும் இல்லாத நாள் வேண்டுமென்றால் புரட்டாசி வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கையில் என்ன தப்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேக்கரைக்காரன் எழுதியது:

கை பாவம், அதை விடுங்க தம்பி. அதற்கு முன்னாடியே காரியம் கெட்டுப் போகிறது. நானும் ஷட்டிலிலிருந்து வந்தவன்தான், மூன்று வருஷம் இதே பாடுபட்டேன்.

ஷட்டில் காக் ஐந்து கிராம், மட்டை தொண்ணூறு கிராம்கூடத் தேறாது. டென்னிஸ் பந்து 58 கிராம், மட்டை 300 கிராம். அங்கே மணிக்கட்டு செய்கிற வேலையை இங்கே தோளும் முதுகும் செய்ய வேண்டும். ஃபெடரரிடம் நீங்கள் பார்த்தது பந்து மட்டையை விட்டுப் போன பிறகு முழுக்கையும் தோளிலிருந்து சுழல்வது. பந்து படுகிற நேரத்தில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள், கை நீட்டி இருக்கும், மணிக்கட்டு ஆடாது. நீங்கள் ஈரத் துண்டை உதறுகிறீர்கள், அவர் உறையிலிருந்து வாளை உருவுகிறார்.

முதலில் பிடி. மட்டையின் முகம் நெட்டைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். கைப்பிடியில் எட்டுப் பட்டை இருக்கிறதல்லவா, அதில் உச்சியில் இருக்கும் பட்டை மேல் ஆள்காட்டி விரலின் அடி முட்டி உட்கார வேண்டும். இதைத்தான் ஈஸ்டர்ன் பேக்ஹேண்ட் கிரிப் என்கிறார்கள். பெருவிரலைப் பின்பட்டையில் முட்டுக் கொடுத்து வைத்திருப்பீர்கள், ஷட்டில்காரர்கள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் போகாது. எடுத்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றிப் பிடியுங்கள்.

அடுத்தது இடதுகை. ஒற்றைக் கை என்று பேர்தான், பாதி வேலை அதற்குத்தான். மட்டையின் கழுத்தை இடதுகை பிடித்திருக்க வேண்டும், அதுதான் மட்டையைத் திருப்பி கிரிப்பை மாற்றிக் கொடுக்கும், வலதுகை தளர்ந்து வழி விட்டால் போதும். அப்படியே அந்த இடதுகை மட்டையைப் பின்னால் கொண்டு போகும்போது தோளும் கூடவே திரும்பிவிடும். எவ்வளவு திரும்ப வேண்டும்? எதிரே நிற்பவருக்கு உங்கள் முதுகில் பாதி தெரிய வேண்டும், தாடை வலது தோளில் உரச வேண்டும். பந்து நெட்டைத் தாண்டி வரும்போது இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். நீங்கள் பந்து குத்தின பிறகு திரும்புகிறீர்கள் என்று பார்க்காமலே சொல்வேன்.

அதனால் என்ன ஆகிறது என்றால், பந்து உங்கள் இடுப்புக்கு நேரே வந்துவிடுகிறது. இரண்டு கைக்காரர்கள் அந்த இடத்திலும் பின்கையால் தள்ளித் தப்பித்துவிடுவார்கள், நமக்கு அந்தச் சலுகை இல்லை. வலதுகால் முன்னே, அதற்கும் ஓரடி முன்னால் பந்து படவேண்டும். அங்கே பட்டால் கை தானாக நீண்டிருக்கும். பிந்திப் பட்டால் மணிக்கட்டு உதவிக்கு ஓடி வரும், ஒருநாள் முகம் திறந்து தோப்புக்குப் போகும், அதற்குப் பயந்து மறுநாள் முகத்தை மூடினால் நெட்டில். உங்கள் நாலும் நாலும் ஒரே வியாதிதான்.

அடிக்கும்போது இடதுகை என்ன செய்யும்? பின்னால் போகும். கயிற்றின் இரண்டு முனையை எதிரெதிராக இழுக்கிற மாதிரி வலதுகை முன்னும் மேலும், இடதுகை பின்னும். அது பின்னால் போகாவிட்டால் நெஞ்சு நெட்டைப் பார்த்துத் திறந்துகொள்ளும், பந்து எங்கேயோ போகும்.

வீட்டில் யாராவது ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, பந்தை இடுப்பு உயரம் துள்ளும்படி போடச் சொல்லி 50 பந்து அடியுங்கள். வேகம் வேண்டாம். அடித்து முடித்ததும் மூன்று எண்ணும் வரை சிலையாக நில்லுங்கள், மட்டை முன்னால் உயரே, இடதுகை பின்னால், நெஞ்சு இன்னும் பக்கவாட்டில். நிற்க முடியாமல் தள்ளாடினால் அந்த அடி கணக்கில் சேராது.

கொல்லம்மெயில் எழுதியது:

அண்ணாச்சிமார் கோபப்படக் கூடாது. 41 வயதில் எதற்கு இந்தத் தண்டனை? 2024 பிப்ரவரியில் ஆண்களுக்கான ஏடிபி தரவரிசையின் முதல் பத்தில் ஒற்றைக் கைக்காரர் ஒருவர்கூட இல்லை, 1973இல் தரவரிசை தொடங்கியதிலிருந்து அதுவே முதல் தடவை. இன்றைக்கு அடிக்கிற வேகத்துக்கும் சுழலுக்கும் ஒரு கை தாங்காது. இரண்டு கைக்கு மாறுங்கள், ஒரு மாதத்தில் பந்து உள்ளே விழும். அழகுக்காக ஆடுவதென்றால் சரி, அது வேறு கதை.

சாரல்41 எழுதியது:

தம்பி, எங்கள் கோர்ட்டில் யாரும் முதல் பத்தில் இல்லை. இரண்டு கையில் மூன்று மாதம் முயற்சி செய்தேன், அகலப் பந்துக்கு என் கால் எட்டவில்லை, இந்தத் தொந்திக்கு ஓடுவது சிரமம். ஒரு கை என்றால் இன்னும் ஒரு முழம் எட்டும், அதுதான் உண்மைக் காரணம். அழகு இரண்டாவது (பொய், முதலாவது).

மேக்கரை அண்ணாச்சி, பெருவிரல் விஷயம் அப்படியே உண்மை. இப்போது மட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன், அது பின்பட்டையில்தான் போய் உட்காருகிறது.

புனலூர் அக்கா எழுதியது:

சொந்த ஊர் கடையநல்லூர், கல்யாணமாகிப் புனலூரில் இருக்கிறேன், பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுக்கிறேன். பலம் இருந்தால்தான் ஒற்றைக் கை என்கிற தம்பிக்கு ஒன்று: ஜஸ்டின் ஹெனின் 167 செ.மீ. உயரம், 2003, 2005, 2006, 2007 என்று நாலு ஃபிரெஞ்சு ஓப்பன், எல்லாம் ஒற்றைக் கை பேக்ஹேண்டோடுதான். நேரத்துக்குத் திரும்பினால் பலம் தானாக வரும்.

நான் எழுத வந்தது அண்ணனின் முழங்கைக்காக. மணிக்கட்டை மேலே தூக்குகிற தசைகளெல்லாம் முழங்கையின் வெளிப்புற எலும்பில்தான் வந்து பிடித்திருக்கின்றன. பந்து பிந்திப் பட்டு, முழங்கையும் மடங்கி, மணிக்கட்டும் வளைந்திருந்தால் அடி முழுக்க அந்த ஒரு புள்ளியில் இறங்கும். இரண்டு வாரம் பேக்ஹேண்டுக்கு ஓய்வு கொடுங்கள். பாதி நிரப்பிய தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, முன்கையை மேஜை மேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை மெதுவாகத் தாழ்த்துங்கள். தூக்கும்போது இடதுகையால் உதவலாம், தாழ்த்துவதுதான் மருந்து. அதற்கும் அடங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், வலியோடு ஆடி நான் ஆறு மாதம் இழந்தேன், தோசைக்கல்லைக்கூடத் தூக்க முடியவில்லை.

மட்டையில் என்ன ஸ்டிரிங்? கடைக்காரர் பாலியெஸ்டர் போட்டு 55 பவுண்டில் இழுத்துக் கொடுத்திருந்தால் அதை முதலில் அறுத்து எறியுங்கள். மென்மையான இழைகளால் ஆன மல்டிஃபிலமென்ட் போட்டு 50க்குக் கீழே இறக்கினால் கைக்கு அதிர்ச்சி குறையும்.

அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகும் எல்லாப் பந்தையும் முன்சுழல் கொடுத்து டாப்ஸ்பின் அடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஸ்டெஃபி கிராஃப் பேக்ஹேண்டில் பெரும்பாலும் பின்சுழல் கொடுக்கிற ஸ்லைஸ்தான், 22 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம். கிரிப் ஒரு பட்டை வலப்பக்கம் நகர்ந்து கான்டினென்டலுக்கு வரட்டும், முகம் லேசாகத் திறந்து, தோள் உயரத்திலிருந்து முன்னோக்கி இறங்குங்கள். கீழே வெட்டாதீர்கள், முன்னே தள்ளுங்கள், வெட்டினால் பந்து மிதக்கும்.

மேக்கரைக்காரன் எழுதியது:

அக்கா சொன்ன ஸ்லைஸ்தான் உங்கள் இடதுகை அண்ணாச்சிக்கும் மருந்து. நடால் ஃபெடரரைப் படுத்தியதும் இதே பந்தால்தான், இடதுகை ஃபோர்ஹேண்ட் குறுக்காக, தோளுக்கு மேலே. பாரீஸ் ஃபிரெஞ்சு ஓப்பனில் 2006, 2007, 2008, 2011 என்று நாலு இறுதிப் போட்டி போயிற்று. 2017 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதியில் அதே நடாலிடம் ஃபெடரர் பேஸ்லைனை விட்டு நகராமல், பந்து எழும்பும்போதே எடுத்து அடித்தார், ஐந்தாவது செட்டில் 1-3இலிருந்து வந்து 6-3. இன்னொரு ஒற்றைக் கைக்காரரான வாவ்ரிங்கா வழி வேறு, நன்றாகப் பின்னால் போய், பந்து இறங்கி வரும்வரை பொறுத்து முழு வீச்சு வீசுவார். உங்களிடம் இருப்பது எட்டடி. பெரிய போட்டிகளுக்குக் கோட்டுக்குப் பின்னால் 21 அடி வேண்டும் என்பது கணக்கு, ஆகவே வாவ்ரிங்கா வழி உங்களுக்கு மதிலில் முட்டும். எழும்பும்போது எடுக்கப் பழகும்வரை தோளுக்கு மேலே வந்தால் ஸ்லைஸ், இடுப்புக்கு வந்தால் மட்டும் டாப்ஸ்பின் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று பற்றி யாரும் பேசவில்லை. உங்கள் கோர்ட் வடக்கு தெற்காகத்தானே? கணவாய்க் காற்று மேற்கிலிருந்து குறுக்கே வரும். தெற்கு ஓரத்தில் நின்று வடக்கே பார்க்கும்போது உங்கள் பேக்ஹேண்ட் பக்கம் மேற்கு, காற்று பந்தை உடம்புக்குள் தள்ளும், கை மடங்கும், முழங்கை வாங்கும். அந்தப் பக்கம் பந்திலிருந்து ஒரு எட்டு விலகியே நில்லுங்கள். வடக்கு ஓரத்துக்குப் போனால் எல்லாம் தலைகீழ், பந்து உங்களை விட்டு ஓடும், ஒரு எட்டு அதிகம் எடுத்து நெருங்க வேண்டும். ஸ்கோர் எழுதும்போது எந்த ஓரத்தில் எத்தனை பேக்ஹேண்ட் தப்பியது என்றும் குறித்துப் பாருங்களேன்.

சாரல்41 எழுதியது:

நாலு வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு வாரம் மட்டையைத் தொடவில்லை, பாட்டில் பயிற்சி மட்டும். ஸ்டிரிங் பாலியெஸ்டர்தான், எத்தனை பவுண்ட் என்று போட்டுக் கொடுத்தவருக்கே நினைவில்லை, மாற்றிவிட்டேன். துணி பிழியும்போது இன்னும் லேசாகத் தெரிகிறது, சுள்ளென்பது போய்விட்டது.

பையன் பந்து போட, மொட்டைமாடியில் கொசுவலையைக் கட்டி 50 பந்து. முதல் நாள் சிலை மாதிரி நின்றது ஏழு தடவை. போன ஞாயிறு முப்பத்தொன்று. பையனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பார்டர் பரோட்டா என்று ஒப்பந்தம், அந்தச் செலவை யாரிடம் கேட்பது தெரியவில்லை.

கோர்ட்டில் எண்ணிப் பார்த்தேன் அண்ணாச்சி. தெற்கு ஓரத்தில் தப்பியது பதினொன்று, வடக்கு ஓரத்தில் நாலு. இரண்டு வருஷமாக அந்த ஓரத்தில் வெயில் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன், சாயங்காலம் ஐந்து மணிக்கு, மேகத்துக்குள்.

இடதுகை அண்ணாச்சிக்கு ஸ்லைஸ் போட்டேன். மூன்றாவது பந்து தாழ்ந்து சறுக்கி அவர் காலடிக்குப் போனது, குனிந்து எடுத்தவர் நெட்டில் அடித்துவிட்டு, "என்னடே, எவன் சொல்லிக் கொடுத்தான்?" என்றார். சொல்லவில்லை. சொன்னால் அவரும் இங்கே வந்து படிப்பார்.