ரயில்ல இருந்து எறங்கி ஃப்ளைட் புடிக்கிறது – பிராங்க்பர்ட்ல எங்களுக்கு நடந்தது, உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க

கோத்தகிரி_பச்சத்தேயில:
வணக்கமுங்க. நாங்க கோத்தகிரி பக்கம், ரெண்டு ஏக்கரா தேயிலை. பொண்ணு ஜெர்மனில ஃப்ரைபர்க்ல இருக்கா, பேரன் பொறந்ததுக்கு 2023ல நானும் வீட்டுக்காரம்மாவும் போயி மூணு மாசம் இருந்துட்டு செப்டம்பர்ல திரும்புனோம். அந்த ஊரு ப்ளாக் ஃபாரஸ்ட் மலை ஓரத்துல இருக்கு, காலையில மூடுபனியும் ஊசியிலை மரமும் பாத்தா நம்ம ஊரு மாதிரியே தான் இருக்கும், அத பத்தி இன்னொரு நாள் எழுதறேன்.

ஃப்ளைட் பிராங்க்பர்ட்ல இருந்து மத்தியானம் 2:30. ஃப்ரைபர்க்ல இருந்து ஏர்போர்ட்டுக்கே நேரா ஃபாஸ்ட் ட்ரெயின் இருக்கு, ரெண்டு மணி நேரம் சொச்சம் தான். 11:10க்கு போயி எறங்கற மாதிரி பொண்ணு டிக்கெட் போட்டா. மூணு மணி நேரம் கையில இருக்கே, போதும்னு நானும் சரின்னுட்டேன். இங்க தான் தப்பு பண்ணுனமுங்க. எங்கப்பா மழைக்காலத்துல மேட்டுப்பாளையத்துல நீலகிரி எக்ஸ்பிரஸ் புடிக்கணும்னா, ராத்திரி ஒம்பது மணிக்கு மேல கெளம்புற ட்ரெயினுக்கு மத்தியானமே கீழ எறங்கிருவாரு. எங்க மரம் விழுகும் எங்க மண்ணு சரியும்னு யாருக்குத் தெரியும்பாரு. 2009 நவம்பர் மண்சரிவ பாத்த யாருக்கும் அத சொல்லித்தர வேண்டியதில்ல. அந்தப் பழக்கத்த ஜெர்மனில எறங்குனதும் விட்டுட்டோம், அங்க எல்லாம் சரியான டயத்துக்கு ஓடும்னு ஒரு நெனப்பு.

ட்ரெயின் ஃப்ரைபர்க்குக்கு வந்ததே 35 நிமிசம் லேட்டு. வந்ததும் கோச்சு வரிசை மாறிருச்சுன்னு அறிவிப்பு. அங்க பிளாட்பாரத்துல ஏ, பி, சின்னு எழுத்து போட்டு போர்டு இருக்கும், நம்ம கோச்சு எந்த எழுத்துக்கு நேரா வரும்னு முன்னாடியே சொல்லிருவாங்க, நாங்க நின்னது ஒரு கோடி எங்க கோச்சு மறுகோடி, நிக்கறது ரெண்டு மூணு நிமிசம் தான், கெடச்ச கதவுல ஏறி நாலு பெட்டியையும் இழுத்துக்கிட்டு உள்ளுக்குள்ளயே நடந்தோம். கார்ல்ஸ்ரூஹன்னு ஒரு ஸ்டேஷன் வந்ததும் மைக்ல என்னவோ சொன்னாங்க, எல்லாரும் பெருமூச்சு விட்டுட்டு எந்திரிச்சு எறங்கறாங்க. ட்ரெயின் இதுக்கு மேல போகாதாம்.

வீட்டுக்காரம்மாவுக்கு முட்டி வலி வேற. பெட்டி மேலயே உக்காந்துட்டாங்க. பொண்ணுக்கு ஃபோன் போட்டா அவ அழுகறா. அப்பத்தான் பின்னாடி இருந்து ஒரு சத்தம், "ஐயா, நீங்கள் தமிழோ?" யாழ்ப்பாணத்துத் தம்பிங்க, முப்பத்தஞ்சு நாப்பது வயசு இருக்கும், வேலைக்குப் போற வழி போல. டிக்கெட்ட வாங்கிப் பாத்தாரு. அது குறிப்பிட்ட ஒரு ட்ரெயினுக்கு மட்டும் செல்லுற மலிவு டிக்கெட், அதனால வேற ட்ரெயின்ல ஏறுனா ஃபைன் போடுவாங்கன்னு நாங்க பயந்து அடுத்த அறிவிப்புக்காக உக்காந்திருந்தோம். "பயப்பிடாதேங்கோ, போய்ச் சேர 20 நிமிசத்துக்கு மேல பிந்தும் எண்டா அந்தக் கட்டுப்பாடு போயிடும், எந்த ட்ரெயின்லயும் ஏறலாம்"னாரு. அது தெரியாம நாங்க முக்கா மணி நேரம் அங்கயே உக்காந்திருப்போம். பெட்டி ரெண்ட அவரே தூக்கி மான்ஹைம் போற வண்டில எங்கள ஏத்திட்டு, அவரும் கூட வந்து மான்ஹைம்ல அடுத்த வண்டிக்கு பிளாட்பாரம் மாத்தி விட்டாரு. அங்க இருந்து ஏர்போர்ட் அரை மணி நேரம் தான்.

12:50க்கு எறங்குனோம். ஏர்போர்ட் ஸ்டேஷன் வந்துட்டா ஏர்போர்ட் வந்துட்டதா அர்த்தமில்லைங்க. ஃபாஸ்ட் ட்ரெயின் ஸ்டேஷன்ல இருந்து டெர்மினல் 1க்கு மூடுன பாலத்துல நடக்கணும், எங்க ஃப்ளைட் டெர்மினல் 2, அதுக்கு மறுபடி ஸ்கைலைன்னு ஒரு குட்டி ட்ரெயின். கவுன்டர் ஒரு மணி நேரம் முன்னாடி, 1:30க்கு மூடிருவாங்க, நாங்க போயி நின்னது 1:15. பேக வாங்கிப் போட்டுட்டாங்க. வீட்டுக்காரம்மா அந்த கவுன்டர் பொண்ணு கைய புடிச்சுக்கிட்டாங்க.

இன்னொன்னு. ட்ரெயின் டிக்கெட்டும் ஃப்ளைட் டிக்கெட்டும் தனித்தனியா எடுத்தா, ஃப்ளைட் போனா போனது தான், ரயில்காரங்க அதுக்குப் பொறுப்பில்ல. அந்த ஊரு சட்டப்படி 60 நிமிசத்துக்கு மேல லேட்டானா டிக்கெட் காசுல 25 சதவீதம், 120 நிமிசம் தாண்டுனா 50, அவ்வளவு தான். எங்களுக்கு அந்த 25 வந்துச்சு. லுஃப்தான்சா ஃப்ளைட் கம்பெனிக்காரங்க ரயிலுக்கே ஃப்ளைட் நம்பர் போட்டு ஒரே டிக்கெட்டா குடுக்கறதும் இருக்கு, லுஃப்தான்சா எக்ஸ்பிரஸ் ரயில்னு பேரு, அதுல லேட்டாகி ஃப்ளைட்ட விட்டா அவங்களே அடுத்ததுல ஏத்திவிடுவாங்க. வயசானவங்கள அனுப்பறவங்க அத பாருங்க, இல்லன்னா ரெண்டு ட்ரெயின் முன்னாடி போடுங்க.

குன்னூர்_டாக்ஸி:
அண்ணா, இது நம்ம ஊருக்கு வர்றவங்களுக்கும் நடக்கும். போன வருசம் அக்டோபர்ல சுவிஸ்ல இருந்து ஒரு ஜோடி. நம்ம மலை ரயிலோட பழைய எஞ்சின் அவங்க ஊரு வின்டர்தூர்ல செஞ்சதுங்கிறதுக்காகவே வந்தவங்க. ஊட்டில 2 மணி வண்டி ஏறி 5:35க்கு மேட்டுப்பாளையம், அப்படியே கோயம்புத்தூர் ஏர்போர்ட் போயி அன்னிக்கு ராத்திரியே சிங்கப்பூர்னு ப்ளான். நான் ஒத்துக்கவே இல்ல. ஐப்பசி மழைங்க, குன்னூருக்குக் கீழ ஹில்குரோவ் பக்கம் ஒரு பாறை உருண்டா முடிஞ்சுது கதை. குன்னூர் வரைக்கும் ரயில்ல வாங்க, பெட்டி என் வண்டில இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னேன். முகம் சுருங்கிருச்சு, பல்சக்கரம் மாட்டி எறங்கறதே குன்னூருக்குக் கீழ தானே, அத பாக்கத்தான் வந்தோம்னாங்க. சரியா அன்னிக்கு பாதைல மண்ணு விழுந்து வண்டி குன்னூரோட நின்னுருச்சு. மேட்டுப்பாளையத்துக்கு எறங்கற பர்லியார் ரோடும் ஜாம், நான் கோத்தகிரி வழியா சுத்தி எறக்கிட்டேன். ஏர்போர்ட்ல அந்தம்மா சொன்னது, அடுத்த தடவை முதல் நாளே ரயில் ஏறிட்டு மறுநாள் ஃப்ளைட்னு வெச்சுக்கறோம்னு. வருவாங்க, எனக்குத் தெரியும்.

கொடை_அம்மா:
நாங்க கொடைக்கானல். கொடை ரோடு ஸ்டேஷன்ல எறங்கிட்டு கொடைக்கானல் வந்தாச்சுன்னு நெனச்சு நிக்கிறவங்கள எத்தனையோ பாத்திருக்கேன், மலைக்கு இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கும். பாரிஸ்ல எனக்கு அதே கதி. கார் து நோர் ஸ்டேஷன்ல ஆர்இஆர் பிங்கிற லோக்கல் ட்ரெயின் லைன் ஏறுனா ஏர்போர்ட்னு மகன் சொல்லிட்டான். ஆனா அந்த லைன் ஓல்னேங்கிற எடத்துல ரெண்டா பிரியும், ஒண்ணு ஏர்போர்ட், ஒண்ணு மித்ரிங்கிற வேற ஊரு. நான் ஏறுனது மித்ரி வண்டி. பக்கத்துல கைக்குழந்தையோட ஒரு ஆப்பிரிக்கப் பொண்ணு, என் பெட்டில இருந்த ஏர்லைன் டேக்க பாத்துட்டு கதவு மேல இருந்த மேப்ல வெரல வெச்சுக் காமிச்சு, ஓல்னேல எறங்குன்னு கையாலயே சொன்னா. பாஷை ஒண்ணும் தெரியாது எனக்கு. எறங்கி பத்து நிமிசத்துல சரியான வண்டி வந்துச்சு. ஏர்போர்ட்லயும் அந்த லைனுக்கு ரெண்டு ஸ்டேஷன் இருக்கு, டெர்மினல் 2க்கு கடைசி ஸ்டேஷன், 1க்கும் 3க்கும் அதுக்கு முந்துனது. டிக்கெட்ல டெர்மினல் நம்பர பாத்து வெச்சுக்கிட்டு ஏறுங்க.

கோத்தகிரி_பச்சத்தேயில:
அம்மா, படிச்சதும் வீட்டுக்காரம்மா கண்ணு கலங்கிட்டாங்க. வர்ற ஏப்ரல்ல மறுபடி போறோம், திரும்பி வர்றதுக்கு முதல் நாள் சாயந்திர ட்ரெயினே போட்டாச்சு, ஏர்போர்ட் பக்கத்துலயே ராத்திரி தங்கறோம். அந்த யாழ்ப்பாணத்துத் தம்பி பேரக்கூட அன்னிக்குக் கேக்கல. மான்ஹைம் பக்கம் இருக்கறவங்க யாராச்சும் இத படிச்சா, 2023 செப்டம்பர்ல நாலு பெட்டியோட ஒரு கெழவன் கெழவிய ட்ரெயின் ஏத்திவிட்டவரு யாருன்னு விசாரிச்சு சொல்லுங்க. வர்க்கி ரெண்டு கிலோ அவருக்குன்னே எடுத்துட்டு வர்றோம்.