இருமல், இழுப்பு, நெஞ்சு நோ: வீட்டுல எவ்வளவு நாள் பாக்கிற, எப்ப ஓடுற? உங்கட அனுபவத்தச் சொல்லுங்க

படுவான்கரையான்:
மழை தொடங்கினதுல இருந்து எங்கட பக்கம் வீட்டுக்கு ஒரு இருமல். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிச்ச தண்ணி, ரெண்டு பெனடோல், போர்த்திப் படுத்து ஒழும்பினா சரி. முக்காவாசிப் பேருக்கு அப்பிடியே சுகமாகிரும், அதுல ஒரு பிரச்சினயும் இல்ல. மிச்ச ஆக்கள எப்பிடிக் கண்டுபிடிக்கிற என்டுதான் கேக்கிறன்.

எங்கட மாமாட கதைய முதல்ல சொல்றன். ஆளுக்கு சீனி வருத்தம் கனகாலமா இரிக்கு. வயலுக்குள்ள வெறுங்கால்தான், குதி ரெண்டும் வெடிச்சு வெடிச்சு சேறு உள்ளுக்க போய்க் கறுத்துக் கிடக்கும், சீனி கூடினதால அதுல நோவும் தெரியா. போன மாரிக்கு காய்ச்சலும் இருமலும் வந்திச்சி. தனியார்ல காட்டி மருந்து எடுத்தாரு, காய்ச்சல் இறங்கிச்சி, மருந்து முடிய மறுகா ஏறிச்சி. திரும்பவும் வேற மருந்து, திரும்பவும் அதே கூத்து. மூச்ச உள்ளுக்க இழுத்தா வலப்பக்கம் ஊசி குத்துற மாதிரி நோகுது என்டாரு, சாரத்த இறுக்கிக் கட்டக் கட்ட இடுப்புல நிக்குதில்ல, அவ்வளவு மெலிவு. ஊருக்குள்ள காசம் என்டு குசுகுசுப்பு தொடங்கிற்று, ஆனா சளி சோதிச்சா அதுல ஒண்டும் இல்ல. கடைசில அரச ஆசுபத்திரில வார்ட்டுல போட்டு ரத்தம் எடுத்து கிருமி வளருதா என்டு பாத்தாங்க, வந்த பேரு மெலியோய்டோசிஸ். எங்கட குடும்பத்துல ஒருத்தரும் அதுக்கு முதல் கேள்விப்பட்டதில்ல.

டொக்டர் விளக்கினது இதுதான். சேத்துலயும் தேங்கின தண்ணிலயும் இருக்கிற ஒரு கிருமி, கால்ல இருக்கிற காயத்தால போகும், பலத்த மழை காத்துல மூச்சோடயும் போகும், சீனி வருத்தக்காரர கூடப் பிடிக்கும், நுரையீரலுக்குள்ள சீழ் கட்டும். மட்டக்களப்புப் பக்கம் இது வந்த ஆக்கள் இரிக்காங்களாம். சாதாரண அன்டிபயோட்டிக் கனக்க இதுக்கு வேல செய்யாது. நாளத்தால ஊசி ரெண்டு கிழமைக்குக் கிட்ட, மறுகா குளிசை மூணு மாசத்துக்குக் குறையாம. இடையில விட்டா திரும்ப வரும் என்டு வெருட்டித்தான் அனுப்பினாங்க. இப்ப ஆள் நல்லா இரிக்காரு, பூட்ஸ் போட்டுட்டுத்தான் வயல் இறங்குறாரு, அதப் பாத்து மத்த ஆக்கள் சிரிக்கிறது வேற கத.

நான் சொல்ல வாறது என்னென்டா, வெள்ளாம செய்யிற ஆள், சீனி இரிக்கு, மழைக்காலத்துக் காய்ச்சலோட இருமல் என்டா இந்த மூண்டையும் டொக்டர்கிட்ட நீங்களே வாயத் திறந்து சொல்லுங்க. அவரு கேக்கும் வரைக்கும் பாத்துக்கு இருக்க வேணாம்.

கல்முனை ஓட்டோ:
அண்ணே இத முதல் தரமாக் கேள்விப்படுறன். எங்களுக்கு வயல்ல பயம் எலிக்காய்ச்சல்தான்.

நம்மட அனுபவம் வேற. ராவு ஹயர்ல வாற நெஞ்சு நோக்காரர் எல்லாருமே ஏறினதும் சொல்ற முதல் வசனம் "தம்பி இது வயித்துக் கேஸ்தான்". கலியாண வீட்டுல புரியாணி திண்டது, பின்னேரம் பசியோட இருந்தது, ஏதோ ஒரு காரணம் ரெடியா இரிக்கும். ஒரு நாள் கடை முதலாளி ஒருத்தர், மனிசி பின்னால இருந்து நெஞ்சுக்கு சித்தாலேப தேச்சிக்கு வாறா, இனோ கரைச்சுக் குடுத்தாச்சாம். கண்ணாடியால பாக்கிறன், மனிசன் உள்ளங்கைய விரிச்சு நெஞ்சுக்கு நடுவுல அமத்திப் பிடிச்சிரிக்காரு, பேசுறாரில்ல, சேட்டு முதுகோட ஒட்டி நனைஞ்சிரிக்கு, அண்டைக்கு மழைக் குளிரு. "பல்லும் கூசுற மாதிரி கிடக்கு" என்டு மட்டும் ஒருக்காச் சொன்னாரு. பாதி வழில "இப்ப கொஞ்சம் லேசு, திருப்பு, வீட்ட போவம்" என்டாரு, நான் கேக்காத மாதிரி விட்டன் ஓட்டிக்கே.

அங்க முதல் எடுத்த ஈசிஜி நோர்மல். மனிசிக்கு சந்தோசம், போவம் என்டு வெளிக்கிடுறா. டொக்டர் விடல்ல, கொஞ்ச நேரத்தால திரும்ப எடுத்தாங்க, அதுல மாறிற்றாம், அங்கயே ரத்தக் கட்டி கரைக்கிற ஊசி போட்டாங்க. முதல் ஈசிஜி நல்லா வந்தா இதயம் நல்லம் என்டு முடிவில்ல, அறிகுறி இரிந்தா திரும்ப எடுக்கணும், ரத்தமும் பாக்கணும் என்டு அங்கதான் நானும் அறிஞ்சன்.

இன்னொண்டு. எனக்கு ஹயர் போனாலும் பரவால்ல, இப்பிடி என்டா 1990 அம்புலன்சுக்கு அடிங்க. காசில்ல, வண்டிக்குள்ள ஒக்சிசன் இரிக்கு, படிச்ச ஆள் ஒருத்தர் கூட வருவாரு. என்ட ஓட்டோல கோர்ன் மட்டும்தான் இரிக்கு.

வார்ட் மிஸ்:
ஓட்டோ அண்ணன் சொன்னது அப்பிடியே சரி. நெஞ்சுக்கு நடுவுல பாரம் வெச்ச மாதிரி, இறுக்கிற மாதிரி, இடக்கை, தாடை, முதுகுக்கு இழுக்கிற நோ, வேர்வ, சத்தி வாற மாதிரி. இதெல்லாம் ஒண்டாத்தான் வரணும் என்டில்ல. பொம்புளைகளுக்கும் சீனி இருக்கிற ஆக்களுக்கும் நோவே இல்லாம திடீர்க் களைப்பும் மூச்செடுக்க ஏலாமையும் மட்டும் வரலாம். "அம்மாக்கு நெஞ்சு நோ இல்லயே" என்டு வீட்டுல வெச்சிருந்து சுணங்கி கொண்டு வந்த ஆக்கள நாங்க கனக்க பாத்திரிக்கம்.

மருதமுனை உம்மா:
எங்கட சின்னவன் ஒரு வயசும் கொஞ்சமும் இருக்கக்குள்ள நடந்தது. தடிமன் பிடிச்சி சளி கறகறண்டு சத்தம். மாமி ஓதின தண்ணி குடுத்தாங்க, நெஞ்சுக்கு எண்ண தேச்சாங்க, ஒண்டுக்கும் நான் குறுக்க நிக்கல்ல. ஆனா கிளினிக்ல மிட்வைஃப் மிஸ் ஒரு விசயம் சொல்லித் தந்திரிந்தாங்க, அது எனக்கு மனசுல பதிஞ்சிற்று. புள்ள அழாம, பால் குடிக்காம சும்மா கிடக்கக்குள்ள சட்டையத் தூக்கிட்டு வயிறு ஏறி இறங்கிறத முழுசா ஒரு நிமிசம் எண்ணணும். பதினஞ்சு செக்கன் எண்ணி நாலால பெருக்கிறது இல்ல, முழு நிமிசம். ரெண்டு மாசத்துக்குக் குறைஞ்ச புள்ளக்கி 60, ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் 50, ஒரு வயசுக்கு மேல அஞ்சு வயசு வரைக்கும் 40. அந்தக் கணக்கு வந்தாலோ தாண்டினாலோ அது சாதாரண தடிமன் இல்ல.

போன்ல டைமர் வெச்சி எண்ணினன், அம்பதத் தாண்டிப் போகுது. சந்தேகத்துல திரும்பவும் எண்ணினன், அதேதான். கடைசி விலா எலும்புக்குக் கீழ ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு குழி விழுந்து விழுந்து எழும்புது, மூக்கு ஓட்டையும் விரியுது, பால வாயில வெச்சா முகத்தத் திருப்புறான். மாமிக்கிட்ட அந்தக் குழியக் காட்டினன், அவங்களே "எடு புள்ளய" என்டு அபாயாவப் போட்டுட்டாங்க. நிமோனியா. ஒக்சிசன் வெச்சி ஊசி போட்டாங்க, அல்ஹம்துலில்லாஹ் இப்ப வீட்டக் கவிழ்க்கிறான்.

காய்ச்சல் கூடவா குறையவா என்டு நெத்தியத் தொட்டுப் பாத்துக்கே இரிக்காம மூச்ச எண்ணுங்க புள்ளயள்.

கல்லடி டீச்சர்:
நீங்கள் எல்லாரும் பயங்கரமான கதைகள் சொல்றீங்க, என்ட கதை சிரிப்பு. பிரஷருக்கு கிளினிக்ல எனலாபிரில் குளிசை தொடங்கினாங்க. கொஞ்ச நாளால தொண்டைக்குள்ள யாரோ இறகால தடவுற மாதிரி வறட்டு இருமல், சளி ஒரு துளி இல்ல. வகுப்புல போர்டுக்குத் திரும்பினா இருமல், பிள்ளையள் பின்னால எண்ணத் தொடங்கிற்றுகள். ஆடாதோடை, தேன், மிளகு, அக்கம்பக்கத்தார் சொன்ன எல்லாம் செய்து பாத்தாச்சு. பார்மசியில பாணி மருந்து ரெண்டு மூணு நிறத்துல வாங்கினதுதான் மிச்சம், ஒருத்தரும் நீங்க வேற என்ன குளிசை போடுறீங்க என்டு கேக்கல்ல. கிளினிக் டொக்டர் மட்டும் கேட்டாரு. அந்தக் குளிசை சில பேருக்கு வறட்டு இருமல் தருமாம், மாத்தி லோசாட்டன் தந்தாரு. உடன நிக்கல்ல, மெல்ல மெல்லத்தான் போச்சு. தயவுசெய்து இத வாசிச்சிட்டு நீங்களா பிரஷர் குளிசைய நிப்பாட்டிராதீங்க, போய்ச் சொன்னா அவங்களே மாத்தித் தருவாங்க.

தம்பிலுவில் தங்கச்சி:
எனக்கு சின்னனுல இருந்து முட்டு, ஆஸ்மா என்டு சொல்ற இழுப்பு. கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினாலும் வரும், சூடடிக்கிற நேரம் நெல்லுத் தூசு பறந்தாலும் வரும். வீட்டுல பெரிய சண்ட என்னென்டா மூச்சோட இழுக்கிற மருந்துப் பம்ப். "அது கடைசிக் கட்டத்துக்குப் போன ஆக்களுக்கு, பழகினா விட ஏலாது, கலியாணம் பேசக்குள்ள கேப்பாங்க" என்டு அம்மம்மா. அதால முட்டு வந்தா மட்டும் ஒளிச்சு நீலப் பம்ப் அடிக்கிறன், மண்ணிறத்த அலுமாரிக்குள்ள வெச்சிரிக்காங்க. இது சரிதானாக்கா?

வார்ட் மிஸ்:
தங்கச்சி, அலுமாரிக்குள்ள இருக்கிறதுதான் உங்கட உண்மையான மருந்து. நீலம் அந்த நேரத்துக்கு குழாய விரிச்சு விடும், அவ்வளவுதான். மண்ணிறம் உள்ளுக்க இருக்கிற வீக்கத்த ஆத்துறது, முட்டு இல்லாத நாளும் போடணும், போட்டுட்டு வாய் கொப்பளிக்கணும், இல்லாட்டி வாய்க்குள்ள வெள்ளையாப் படியும். குளிசையா குடிச்சா உடம்பெல்லாம் சுத்துற மருந்து, பம்ப்ல கொஞ்சூண்டு நேர நெஞ்சுக்குப் போகுது, பயப்படுறதென்டா குளிசைக்குத்தான் பயப்படணும். கிழமைக்கு ரெண்டு தரத்துக்கு மேல நீலம் தேவப்படுது என்டா உங்கட முட்டு அடங்கல்ல என்டு அர்த்தம், கிளினிக்ல காட்டுங்க.

ஸ்பேசர், அதாவது பம்ப்புக்கும் வாய்க்கும் இடையில வெக்கிற குழாய், வாங்க வசதி இல்லாட்டி அர லீட்டர் தண்ணிப் போத்தல் காணும். அடிப்பக்கத்துல பம்ப் வாய் இறுக்கமா நிக்கிற அளவுக்கு ஓட்ட போட்டு அதுக்குள்ள செருகி, மூடிப் பக்கத்த வாயில வெச்சி, ஒரு தரம் அமத்திட்டு ஆறுதலா மூச்செடுக்க வேண்டியதுதான்.

ஒரு வசனத்த முழுசா சொல்லி முடிக்க ஏலாம மூச்சு வாங்குது, சொண்டு நீலம் பாயுது, பம்ப் அடிச்சும் கேக்குதில்ல, இதுல ஒண்டு இருந்தாலே யோசிக்காம ஆசுபத்திரி. வழியிலயும் நீலத்த அடிச்சிக்கே போங்க. அம்மம்மாட்ட நான் சொன்னன் என்டு சொல்லுங்க :)

ஏறாவூர் மச்சான்:
எனக்கு நெஞ்சுல அமத்திப் பாத்தா நோகுற நோ. பாரம் தூக்கின பிறகு, ஒரு விரலால காட்டலாம் இந்த இடம் என்டு. இதுக்கும் ஓடணுமா?

வார்ட் மிஸ்:
பெரும்பாலும் தசையோ விலாவோதான், ஓய்வு எடுத்து பெனடோல் போட குறையும். குறையாட்டி, நடக்க கூடினா, காட்டுங்க. மத்தது பிள்ள பெத்த பொம்புளைகள், ஒப்பரேசன் செய்து படுக்கைல கிடந்த ஆக்கள், ஒரு கால் மட்டும் கெண்டையில வீங்கி நோகுது, திடீர் என்டு மூச்சுத் திணறி நெஞ்சு குத்துது என்டா அது கால்ல உறைஞ்ச ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போனதா இருக்கலாம். அது அண்டைக்கே, அந்த நேரமே.

வாழைச்சேனைத் தம்பி:
நான் எழுதவா விடவா என்டு யோசிச்சுப் போட்டு எழுதுறன். கட்டார் போக மெடிக்கல் எடுத்தன், எக்ஸ்ரேல அன்ஃபிட் அடிச்சிட்டாங்க. எனக்கு பெரிசா ஒண்டும் இல்ல, பின்னேரத்துல லேசான காய்ச்சல், ராவுல வேர்வ, விடாத இருமல், சிகரெட் இருமல் என்டுதான் எல்லாரும் சொன்னது. மார்பு நோய் கிளினிக்ல சளி எடுத்தாங்க, காசம். மருந்து எல்லாம் இலவசம். முதல் ரெண்டு மாசம் நாலு வகை மருந்து, மறுகா நாலு மாசம் ரெண்டு வகை. முதல் நாள் சிறுநீர் செம்மஞ்சளா போகுது, பயந்துபோய் போன் அடிச்சா மிஸ் சிரிக்கிறா, அது ரிபாம்பிசின்ட நிறமாம், முதலே துண்டுல எழுதியும் இரிக்கு.

வருத்தத்த விட மத்ததுதான் கஷ்டம். பக்கத்து வீட்டுல எனக்கென்டு தனிக் கப், நான் இருந்த கதிரைய கழுவினாங்க. கப்பாலயும் கோப்பையாலயும் இது பரவுறதில்ல, இருமக்குள்ள காத்தாலதான். மருந்து ஒழுங்கா தொடங்கினா கொஞ்ச கிழமைக்குள்ள பரவுறதும் நிண்டுரும். வீட்டு ஆக்கள எல்லாரையும் சோதிச்சாங்க, ஒருத்தருக்கும் இல்ல. மருந்து முடிச்சிட்டன், ஆனா எக்ஸ்ரேல தழும்பு இரிக்கு, அதால வெளிநாடு இன்னும் இழுபறிதான்.

படுவான்கரையான்:
தம்பி நீ எழுதினது நல்லம்டா. ஒரு கேள்வி, எத்தன நாள் இருமினா சளி சோதிக்கணும்? அதுக்கு எங்க போற?

வார்ட் மிஸ்:
ரெண்டு கிழமைக்கு மேல இருமல் என்டா, சிகரெட் குடிக்கிற ஆளா இருந்தாலும், எந்த அரச ஆசுபத்திரி ஓபிடிலயும் அந்த ரெண்டு கிழமைய வாயால சொல்லுங்க, சோதிக்க அனுப்புவாங்க. சளில ரத்தம் கண்டா கிழமை எண்ண வேணாம், ஒரு கீறல் என்டாலும் காட்டுங்க.

போத்தல் தந்தா கனபேர் துப்பல் துப்பிட்டு வாறாங்க, அதுல ஒண்டும் தெரியாது. காலம வெள்ளன ஒழும்பி, தேத்தண்ணிக்கு முதல் வாய வெறும் தண்ணில கொப்பளிச்சிட்டு, வெளிய காத்தோட்டமா நிண்டு, ரெண்டு மூணு தரம் ஆழமா மூச்செடுத்து அடிநெஞ்சுல இருந்து இருமி வாறத எடுக்கணும். மூடிய இறுக்கிப் பூட்டிக் கொண்டு வாங்க, போன கிழமையும் ஒருத்தர் சேட்டுப் பொக்கட்டுக்குள்ள ஊத்திட்டு வந்து நிக்காரு.