தாத்தாவின் ஹெரால்டு: எடைக்குப் போடலாமா?

மேலூர்க்காரன்:
எங்கள் வீட்டுக் கொட்டகையில் தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது, நாலு கதவு வண்டி. இப்போது கோழி முட்டையிடத்தான் உதவுகிறது. காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். சித்தப்பாவோ மெர்சிடிஸ் ஒன்று 1,100 கோடிக்கு ஏலம் போன செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவசரப்படாதே என்கிறார். பெயிண்ட் அடித்து, சீட் தைத்து விற்றால் நல்ல விலை வருமா?

டிங்கர் மாமா:
தம்பி, சித்தப்பா சொல்வது 1955-ஆம் வருட 300 எஸ்எல்ஆர் கூபே. உலகத்திலேயே இரண்டுதான் செய்தார்கள், இரண்டும் கம்பெனியிடமே இருந்தன. அதில் ஒன்றை 2022 மே மாதம் ஸ்டுட்கார்ட்டில் 13.5 கோடி யூரோவுக்குக் கொடுத்தார்கள். ஃபெராரி 250 ஜிடிஓ என்ற மாடலும் மொத்தமே 36 வண்டிதான், 2018-ல் அதில் ஒன்று 4.84 கோடி டாலருக்குப் போனது. அந்த மாதிரி வண்டிகளுக்கு எந்தப் பந்தயத்தில் ஓடியது, யார் யார் கைக்கு மாறியது என்று சேசிஸ் நம்பர்வாரியாக ஜாதகமே இருக்கும், காசு அதற்குத்தான்.

கோடியெல்லாம் உனக்கு வராது. ஆனால் உன் வண்டிக்கும் ஒரு ஜாதகம் உண்டு. ஹெரால்டை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர், 1959-ல் இங்கிலாந்தில் வந்தது, அப்புறம் நம்ம வண்டலூர் பக்கம் செய்தார்கள். நாலு கதவு மாடல் இந்தியாவில் மட்டும்தான், வெள்ளைக்காரனிடமே கிடையாது!

பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதே. பட்டி பூசி மினுக்கினால் உள்ளே எவ்வளவு துரு என்று வாங்குகிறவனுக்குச் சந்தேகம்தான் வரும். முதலில் ஆர்.சி. புக்கில் உள்ள இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று பார். நானே எத்தனையோ அம்பாசடரில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றிக் கொடுத்தவன், அன்றைக்கு அது புத்திசாலித்தனம், இன்றைக்குப் பழைய வண்டி தேடி வருகிறவர்கள் அதையெல்லாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

கோரிப்பாளையம் வாசி:
மாமா சொன்னது சரி. இன்னொன்று, ஹெரால்டு 1971-லேயே நின்றுவிட்டது, அப்படியென்றால் உங்கள் வண்டிக்கு 50 வயது தாண்டியாச்சு. 2021-ல் வந்த விதிப்படி அதை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம், 10 வருடம் செல்லும். ஏற்கெனவே பதிந்த வண்டி என்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிகிறவர்களுக்குத்தான் 'விஏ' என்ற தனி நம்பர் வரிசை. ஒரிஜினல் வடிவம் மாறியிருக்கக் கூடாது. கண்காட்சி, ராலி என்று எடுக்கலாம், தினமும் மாட்டுத்தாவணிக்கு ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஆர்.சி. இன்னும் தாத்தா பேரில் இருந்தால் முதலில் வாரிசு பேருக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் விற்கும்போது பங்காளிகள் எல்லாம் வந்து நிற்பார்கள்.

மேலூர்க்காரன்:
பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன், முன்பக்கம் மொத்தமும் அப்படியே சாய்கிறது! மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்ததில் இன்ஜின் நம்பர் தெரிந்தது. ஆர்.சி. புக் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் வேட்டிக்கு அடியில் இருந்தது. இரண்டும் ஒன்றுதான். காயலான் கடைக்காரரை அனுப்பியாச்சு. பின்சீட்டில் கோழி அடையில் இருக்கிறது, குஞ்சு பொரிக்கும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்கிறார் அப்பத்தா.