வாசிக்கும் பிள்ளைகளுக்குப் பரிசு தரலாமா?

கேள்வி – ஐந்தாம் வகுப்பு ஆசிரியை

எங்கள் தொடக்கப் பள்ளியில் வகுப்பறைச் சுவரோரம் கயிறு கட்டிக் கதைப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருக்கிறோம். பிள்ளைகள் மதிய உணவு முடிந்ததும் தாமாகவே எடுத்து வாசித்து வந்தார்கள். இந்தப் பருவத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் உதவ முன்வந்ததால், ஒரு புத்தகம் முடித்தால் ஒரு நட்சத்திரம், பத்து நட்சத்திரம் சேர்த்தால் ஒரு பேனா என்று அறிவித்தோம். வாசித்த புத்தகங்களின் எண்ணிக்கை கூடியது உண்மைதான். ஆனால் இப்போது அட்டைப் படத்தைப் பார்க்கும் முன்பே பிள்ளைகள் கடைசிப் பக்கத்தின் எண்ணைப் பார்க்கிறார்கள். நன்றாக வாசிக்கும் சிறுமி ஒருத்தி, “இவ்வளவு பெரிய புக்குக்கும் ஒரு ஸ்டார்தானா மிஸ்?” என்று கேட்டுவிட்டு அதை மறுபடியும் கயிற்றில் மாட்டிவிட்டாள். இதைத் தொடர்வதா, நிறுத்துவதா?

பதில் 1 – கல்வியியல் விரிவுரையாளர்

அம்மா, நீங்கள் கண்டதை மிக ஒத்த ஆய்வொன்றை மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், வண்ண மார்க்கர்களால் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரு பிரிவினரிடம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு ஒன்றும் சொல்லாமல் வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் தரவில்லை. சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் மார்க்கர்களை மேசையில் வைத்தபோது, முன்கூட்டியே வாக்குப் பெற்ற குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்ற இரு பிரிவினரின் நேரத்தில் ஏறக்குறைய பாதியாக இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வமோ குறையவில்லை. ஆகவே கேடு சான்றிதழில் இல்லை, ‘இதைச் செய்தால் அது’ என்ற நிபந்தனையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2 – மென்பொருள் நிறுவன ஊழியர்

அலுவலகத்திலும் இதே கதைதான். எங்கள் பிரிவில், வாடிக்கையாளரின் சிக்கலைத் தீர்த்தவர் அடுத்தவருக்கு உதவட்டும் என்று தாமாகவே குறிப்பெழுதி வைப்பார். குறிப்புக்கு இத்தனை புள்ளி என்று நிர்வாகம் அறிவித்ததும், ஒரே குறிப்பை மூன்றாக உடைத்துப் பதிவிடத் தொடங்கினார்கள். புள்ளி முறையை எடுத்தபின் எழுதுவோரே அருகிவிட்டார்கள். எட்வர்டு டெசி 1971-இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்விலும், புதிருக்கு ஒரு டாலர் என்று இரண்டாம் அமர்வில் பெற்றவர்கள், மூன்றாம் அமர்வில் பணம் நின்றதும், ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரில் முதல் அமர்வைவிடக் குறைவாகவே ஈடுபட்டார்கள். எனவே நிறுத்தினாலே பழைய ஆர்வம் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பதில் 3 – பொருளியல் ஆராய்ச்சி மாணவர்

எல்லாப் பரிசையும் ஒரேயடியாக ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ரோலண்ட் ஃப்ரையர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், டல்லாஸ் நகர இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகம் ஒன்றுக்கு 2 டாலர் தரப்பட்டது. வாசித்ததை ஒரு சிறு வினாத்தேர்வில் காட்டினால்தான் பணம். ஆங்கிலத்தில் தேர்வெழுதிய பிள்ளைகளின் வாசித்துப் புரியும் திறன் அதனால் உயர்ந்தது. டெசியும் சக ஆய்வாளர்களும் 1999-இல் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதுகூட, பொருளாகத் தரும் பரிசுதான் உள்ளார்வத்தைக் குறைத்தது. வாய்ப் பாராட்டு, குறிப்பாகக் கல்லூரி மாணவர்களிடம், அதைக் கூட்டியது. தொடவே மறுக்கும் பிள்ளைக்கு முதல் புத்தகத்தைத் திறக்க ஒரு தூண்டுகோல் தேவைப்படலாம். உங்கள் வகுப்பில் அந்தச் சிறுமிக்கு அது தேவைப்படவில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நட்சத்திர அட்டவணையை இந்த வாரமே எடுத்துவிடுகிறேன். மீதமுள்ள பேனாக்களைப் பருவ இறுதியில் எல்லாருக்கும் கொடுத்துவிடலாம். அந்தப் பெரியவரிடம் இனிப் பேனாவுக்குப் பதிலாக, கூடுதலாகக் கதைப் புத்தகங்களே கேட்கப் போகிறேன். எவை வேண்டும் என்பதைப் பிள்ளைகளே எழுதித் தரட்டும்.