நம் சின்ன ரயிலை மூடியது போரா, நஷ்டமா?

தகடூரான்:
மொரப்பூர்–தருமபுரி புதுப் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதை ஏதோ புதிய வரம்போலப் பேசுவதுதான் வருத்தம். 1906-லேயே அந்த வழியில் நம் சின்ன ரயில் ஓடியது, 1913-ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் நடந்த 1941-ல் மூடி, தண்டவாளத்தையும் பெயர்த்தார்கள். வெள்ளைக்காரனின் சண்டைக்கு நம் ஊர் ரயில் பலி.

கிருஷ்ணகிரிவாசி:
போர்மேல் மட்டும் பழி போடாதீர்கள் சார். எங்கள் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி ரயில் 1905-ல் வந்தது, 1930-களின் நடுவிலேயே நின்றுவிட்டது. அப்போது ஏது போர்? பஸ்ஸும் லாரியும் வந்தன, வருமானம் போனது. அவ்வளவுதான்.

தகடூரான்:
வருமானத்துக்காகவா அதைப் போட்டார்கள்? 1876–78 பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகு, வறண்ட தாலுகாக்களுக்குத் தானியம் கொண்டுபோக வேண்டும் என்று வந்த பாதைகள் இவை. பஞ்சத்துக்குப் போட்ட ரயிலிடம் லாபக் கணக்கு கேட்பது என்ன நியாயம்?

மொரப்பூர் தம்பி:
அண்ணா, இரண்டு பேரும் தண்டவாள அகலத்தை விட்டுவிட்டீர்கள். மொரப்பூரில் நம் பாதை போய்ச் சேரும் மெயின் லைன் 5 அடி 6 அங்குலம். நம்முடையது வெறும் 2 அடி 6 அங்குலம். பெட்டி அப்படியே மாறிப் போக முடியாது. ராகியோ புளியோ, ஒவ்வொரு மூட்டையையும் மொரப்பூரில் முதுகில் சுமந்து இறக்கி, அடுத்த வண்டியில் ஏற்ற வேண்டும். அதற்குக் கூலி, நேரம், சிந்தும் சரக்கு வேறு. லாரிக்காரன் மண்டி வாசலிலேயே ஏற்றிக்கொள்வான். மலிவாகப் போட்ட அன்றைக்கே இதன் ஆயுசு குறைந்துவிட்டது.

கிருஷ்ணகிரிவாசி:
சரி தம்பி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நஷ்டம் நஷ்டம்தானே?

தகடூரான்:
குறுகலாகப் போட்டதும் அவர்கள், நஷ்டம் என்று மூடியதும் அவர்கள். அகலப்படுத்த ஏன் நினைக்கவில்லை? 1960-களின் கடைசியில் சேலம்–பெங்களூர் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) வரும்வரை தருமபுரிக்கு ரயிலே இல்லை.

கிருஷ்ணகிரிவாசி:
உங்களுக்காவது வந்தது சார். அந்தப் பாதையும் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போய்விட்டது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இன்னும் ஸ்டேஷன் கிடையாது. சர்வே மட்டும் மாறி மாறி நடக்கிறது.

மொரப்பூர் தம்பி:
அதனால்தான் சொல்கிறேன் அண்ணா. நஷ்டம் என்று நீங்களே ஒத்துக்கொண்டால், நாளைக்கு உங்கள் ஊர் ரயில் கோரிக்கைக்கும் அதே பதில்தான் வரும்.